மருந்து கிடைக்கிறது, வேலை கிடைக்கிறதா? மனநோயிலிருந்து மீள்வோருக்குப் பெங்களூருவில் இருப்பதும் இல்லாததும்

பெங்களூரு: மனநோய்க்குச் சிகிச்சை பெற்றுத் தேறி வீடு திரும்பும் ஒருவரை உறவினர்களும் அக்கம்பக்கத்தினரும் விரைவிலேயே கேட்கும் கேள்வி, "இப்போது என்ன வேலை பார்க்கிறாய்?" என்பதுதான். அக்கேள்விக்கு விடை தேட உதவும் ஏற்பாடு இந்தியாவின் பெரும்பாலான மாவட்டங்களில் இல்லை. மருத்துவர் இருக்கிறார், மருந்து ஓரளவு கிடைக்கிறது. மருந்துச் சீட்டுக்கும் சம்பளச் சீட்டுக்கும் இடையே உள்ள தொலைவை நோயாளியும் குடும்பமும் தனியாகவே கடக்க வேண்டியுள்ளது.

இந்த இடைவெளி பெங்களூருவில் மேலும் துலக்கமாகத் தெரிகிறது. நாட்டின் முதன்மை மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் ஓசூர் சாலையில் இயங்குகிறது. மனநல மறுவாழ்வில் பல பத்தாண்டுகள் அனுபவமுள்ள தொண்டு நிறுவனங்கள் இங்கு உள்ளன. லட்சக்கணக்கானோருக்கு வேலை தரும் தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களும் இதே நகரத்தில்தான் இருக்கின்றன. வேண்டிய அனைத்தும் ஒரே ஊரில் இருந்தும், மனச்சிதைவு நோய் அல்லது இருமுனை மனநிலைக் கோளாற்றிலிருந்து மீண்ட ஒருவர் நிலையான வேலையில் அமர்வது இன்னும் அரிதாகவே நிகழ்கிறது. இதன் காரணங்களை ஆராய்வது கர்நாடகத்துக்கு மட்டுமன்றி, சிகிச்சைக்காகப் பெங்களூரு வந்து செல்லும் ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் பகுதித் தமிழ்க் குடும்பங்களுக்கும் தேவையாகிறது.

படிப்பும் நோயும் ஒரே வயதில்:

நிம்ஹான்ஸ் நிறுவனம் 12 மாநிலங்களில் நடத்திய 2015-16 ஆம் ஆண்டின் தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, வயது வந்தோரில் 10.6 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஒரு மனநலக் கோளாறு அப்போது இருந்தது. கோளாற்றின் வகைக்கேற்ப, பாதிக்கப்பட்டோரில் 70 முதல் 92 விழுக்காட்டினர் உரிய சிகிச்சை பெறவில்லை என்பதும் அதில் தெரியவந்தது. கடும் மனநோய் உடையவர்களில் ஏறத்தாழ நால்வரில் மூவர் வேலையிலும், சமூக, குடும்ப வாழ்விலும் குறிப்பிடத்தக்க இயலாமையை எதிர்கொள்வதாகவும் அக்கணக்கெடுப்பு பதிவு செய்தது.

கடும் மனநோய்களுள் முக்கியமான மனச்சிதைவு நோய் பெரும்பாலும் பதின்பருவத்தின் இறுதியிலோ இருபதுகளிலோ தலைகாட்டுகிறது. கல்லூரிப் படிப்பும், வளாக நேர்காணலும், முதல் வேலையும் அமைகின்ற வயது அது. நோய் கண்டறியப்பட்டு, ஏற்ற மருந்து அமைந்து, நிலை சீராவதற்குள் இரண்டு, மூன்று ஆண்டுகள் கழிந்துவிடுவதுண்டு. பட்டப்படிப்பில் நிலுவைத் தாள்களும், தன்விவரக் குறிப்பில் விளக்க முடியாத இடைவெளியும் எஞ்சுகின்றன. அந்த ஆண்டுகளில் என்ன செய்தீர்கள் என்று நேர்காணலில் கேட்டால் என்ன பதில் சொல்வது என்ற அச்சமே பலரை விண்ணப்பிக்க விடாமல் தடுக்கிறது.

வேலையின்மை வருமான இழப்போடு முடிவதில்லை. காலையில் எழுவதற்கு ஒரு காரணம், நாளுக்கு ஓர் ஒழுங்கு, நான்கு பேருடன் பேசும் வாய்ப்பு, வீட்டில் ஒரு மதிப்பு ஆகியவையும் சேர்ந்தே போகின்றன. பெற்றோர் முதுமை அடையும்போது, தங்களுக்குப் பின் பிள்ளையின் கதி என்ன என்ற கவலை குடும்பத்தை வாட்டுகிறது. மறுவாழ்வு வல்லுநர்கள் வேலையைச் சிகிச்சைக்குப் பிந்தைய பரிசாகக் கருதாமல், சிகிச்சையின் ஒரு பகுதியாகவே கருதுவது இதனால்தான்.

நகரத்தின் நீண்ட மறுவாழ்வு மரபு:

மனநல மறுவாழ்வில் பெங்களூருவுக்கு நீண்ட வரலாறு உண்டு. மைசூரு மாநில மனநல மருத்துவமனையும் அகில இந்திய மனநலக் கழகமும் 1974 டிசம்பரில் இணைக்கப்பட்டு நிம்ஹான்ஸ் உருவானது. 2012 ஆம் ஆண்டின் சட்டத்தின் மூலம் அது தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமானது. அதன் மறுவாழ்வுப் பிரிவில் தச்சு, தையல், பேக்கரி, அச்சு, தோட்டக்கலை, கைவினை போன்ற தொழில்களில் பயிற்சி தரப்படுகிறது. வளாகத்தில் மீண்டு வருவோரின் பங்களிப்போடு 'ரோசஸ்' என்ற சிற்றுண்டியகமும் செயல்பட்டு வருகிறது.

தொண்டு நிறுவனங்களில் 1964-இல் தொடங்கப்பட்ட மெடிகோ பாஸ்டரல் அசோசியேஷன், மருத்துவமனைக்கும் வீட்டுக்கும் இடைப்பட்ட மறுவாழ்வு இல்லத்தை இந்தியாவில் முன்னோடியாக நடத்திய அமைப்பாகும். ரிச்மண்ட் பெல்லோஷிப் சங்கம் 1986 முதல் இயங்குகிறது. அதன் பெங்களூரு கிளை 'ஆஷா' மறுவாழ்வு இல்லம், 'ஜோதி' குழு இல்லம், 'சேதனா' பகல்நேர மையம் ஆகியவற்றை நடத்துவதோடு, மறுவாழ்வுத் துறைக்கான பணியாளர்களையும் உருவாக்கி வருகிறது. 1999-இல் தோன்றிய எனேபிள் இந்தியா, மாற்றுத்திறனாளிகளுக்குத் தனியார் நிறுவனங்களில் வேலை தேடித் தரும் பணியில் நாடறிந்த பெயர். 2017-இல் தொடங்கப்பட்ட மிட்டி கஃபே, மனநலப் பாதிப்பு உள்ளவர்கள் உட்படப் பல்வகை மாற்றுத்திறனாளிகளைப் பணியாளர்களாகக் கொண்டு உணவகங்களை நடத்துகிறது. உச்ச நீதிமன்ற வளாகத்திலும் அதன் கிளை 2023 நவம்பரில் திறக்கப்பட்டது.

கர்நாடக அரசும் ஒதுங்கி நிற்கவில்லை. செவ்வாய்க்கிழமைகளில் வட்ட மருத்துவமனைகளுக்கே மனநல மருத்துவர் செல்லும் 'மனோசைதன்யா' திட்டமும், 'மானசதாரா' என்ற பகல்நேர மறுவாழ்வு மையங்களும் அம்மாநிலத்தின் குறிப்பிடத்தக்க முயற்சிகள்.

இவை அனைத்தும் பாராட்டுக்குரியவை. ஆனால் இவற்றில் பெரும்பாலானவை ஒரு வளாகத்துக்குள் அல்லது ஒரு பாதுகாப்பான சூழலுக்குள் அமைந்த பணிகள். அங்கே மெழுகுவர்த்தி செய்யப் பழகிய ஒருவர் வெளியே வந்ததும் மெழுகுவர்த்தி நிறுவனத்தில் சேர்ந்துவிடுவதில்லை. பொறியியல் படித்த இளைஞருக்கும், வங்கியில் பணியாற்றிய பெண்ணுக்கும் தையல், தச்சுப் பயிற்சிகள் எந்த அளவுக்குப் பொருந்தும் என்ற கேள்வியும் எழுகிறது.

முதலில் பயிற்சியா, முதலில் வேலையா?

உலகெங்கும் இத்துறையில் இரு அணுகுமுறைகள் உள்ளன. முதலாவது, நெடுநாள் பயிற்சி அளித்து, தகுதி வந்துவிட்டது என்று வல்லுநர்கள் கருதிய பின்னர் வேலைக்கு அனுப்புவது. இரண்டாவது, வேலை செய்ய விரும்புகிறேன் என்று ஒருவர் சொன்ன உடனேயே அவரது விருப்பத்துக்கேற்ற உண்மையான வேலையைத் தேடத் தொடங்கி, அவ்வேலையில் இருக்கும்போதே பயிற்சியும் துணையும் தருவது.

இந்த இரண்டாவது முறையை அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ராபர்ட் டிரேக், டெபோரா பெக்கர் ஆகியோர் வடிவமைத்தனர். இதன் விதிகள் எளியவை. நோயின் கடுமையைக் காட்டி எவரையும் விலக்கக் கூடாது. சந்தை ஊதியம் தரும் சாதாரண வேலையே இலக்காக இருக்க வேண்டும். வேலை தேடுவதைத் தாமதப்படுத்தக் கூடாது. வேலைவாய்ப்பு வழிகாட்டி, மருத்துவக் குழுவின் அங்கமாக இருக்க வேண்டும். வேலை கிடைத்த பின்னரும் தேவைப்படும் காலம் வரை துணை தொடர வேண்டும். ஒரு வழிகாட்டியின் பொறுப்பில் 20 பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்பது இம்முறையின் தர அளவுகோல்களுள் ஒன்று.

இம்முறை பலன் தருகிறதா என்பது பல நாடுகளில் சோதிக்கப்பட்டுள்ளது. ஆறு ஐரோப்பிய மையங்களில் கடும் மனநோய் உடைய 312 பேரிடம் நடத்தப்பட்டு 2007-இல் வெளியான ஆய்வில், இம்முறையில் உதவி பெற்றவர்களில் 55 விழுக்காட்டினர் வேலைக்குச் சென்றனர். வழக்கமான தொழிற்பயிற்சி பெற்றவர்களில் அது 28 விழுக்காடாகவே இருந்தது. வேலை அழுத்தத்தால் நோய் திரும்பிவிடும் என்ற பரவலான அச்சத்தை அந்த ஆய்வு உறுதிப்படுத்தவில்லை. இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறை 2019-இல் அறிவித்த நீண்டகாலத் திட்டத்தில் இச்சேவையை விரிவுபடுத்த முடிவு செய்தது. பணியிட மனநலம் குறித்து உலக சுகாதார அமைப்பு 2022 செப்டம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல்களும், கடும் மனநோய் உடையவர்கள் வேலையில் சேரவும் நீடிக்கவும் இத்தகைய ஆதரவு வழங்கப் பரிந்துரைக்கின்றன.

இந்தியாவில் இதை நடைமுறைப்படுத்த முடியுமா என்பதை நிம்ஹான்ஸ் ஆய்வாளர்களும் ஆராய்ந்து 2020-இல் ஆய்வறிக்கை வெளியிட்டுள்ளனர். எனவே வழி தெரியாத நிலை இல்லை. தெரிந்த வழியை ஒரு சில மையங்களிலிருந்து வழக்கமான அரசுச் சேவையாக எடுத்துச் செல்வதே எஞ்சியுள்ள பணி.

சென்னை ஆய்வு உணர்த்தும் உண்மை:

மனச்சிதைவு நோய் உடையவர்களால் வேலை செய்ய இயலாது என்ற எண்ணத்துக்குச் சென்னையிலிருந்தே மறுப்பு உண்டு. மருத்துவர் சாரதா மேனன் 1984-இல் நிறுவிய ஸ்கார்ஃப் அமைப்பின் ஆய்வாளர்கள், 1980-களின் தொடக்கத்தில் முதன்முறையாக இந்நோயுடன் சிகிச்சைக்கு வந்த 90 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தனர். அதன் பகுதியாக ஆண்களின் பணி வாழ்க்கையை ஆராய்ந்தபோது, பெரும்பாலானோர் ஏதேனும் ஒரு வேலையில் இருந்தது தெரியவந்தது. மேலை நாடுகளில் அக்காலத்தில் பதிவான நிலையை விட இது மேம்பட்டதாகும்.

இதற்கான சமூகக் காரணங்களை ஊகிப்பது கடினமன்று. குடும்பத்தின் நிலம், மாமாவின் மளிகைக் கடை, தெரிந்தவரின் பட்டறை என நம் சமூகத்தில் தகுதிச் சான்று கேட்காத வேலைகள் இருந்தன. ஒரு நாள் தாமதமாக வந்தாலும், ஒரு வாரம் வராமல் போனாலும் இடம் பறிபோகாது. அரசு உதவித்தொகை என்ற மாற்று வழி இல்லாததும், ஆண் என்றால் சம்பாதிக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பும் அவர்களை வேலையை நோக்கித் தள்ளின. பெண்களின் நிலை வேறு. வீட்டுவேலை முழுவதையும் சுமந்த பெண்களின் உழைப்பு, வேலை என்ற கணக்கிலேயே சேர்வதில்லை.

இன்றைய பெங்களூருவில் அந்த நெகிழ்வு சுருங்கி வருகிறது. அடுக்குமாடி வீட்டில் வாழும் சம்பளக் குடும்பத்துக்குப் பிள்ளையை அமர்த்தச் சொந்தக் கடையோ வயலோ இல்லை. வேலை என்றால் தன்விவரக் குறிப்பு, பல சுற்று நேர்காணல், பின்புலச் சரிபார்ப்பு, மதிப்பீட்டு இலக்குகள் என்றாகிவிட்டது. வாடிக்கையாளர் சேவைப் பணிகளில் இரவுப் பணி முறை வழக்கமாக உள்ளது. தூக்கம் கெடுவது இருமுனைக் கோளாற்றைத் தூண்டக்கூடியது என்பதால், அவ்வகை வேலைகள் இந்நோயுடையவர்களுக்குக் கூடுதல் இடர் தருகின்றன. பழைய சமூகம் இயல்பாக அளித்த இடத்தை, புதிய நகரத்தில் திட்டமிட்ட சேவை ஒன்றுதான் ஈடுசெய்ய முடியும்.

சட்டம் தருவதும் தராததும்:

1995 ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் மனநோயை இயலாமைப் பட்டியலில் சேர்த்திருந்தபோதிலும், அரசு வேலையில் 3 விழுக்காடு இடஒதுக்கீட்டிலிருந்து அதை விட்டுவிட்டது. 2017 ஏப்ரல் 19 அன்று நடைமுறைக்கு வந்த 2016 ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அக்குறையை நீக்கியது. ஒதுக்கீடு 4 விழுக்காடாக உயர்ந்தது. மனநோயும் அதில் இடம்பெற்றது.

ஆயினும் மனநோய்க்கெனத் தனி ஒதுக்கீடு கிடையாது. ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, குறிப்பிட்ட கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகை இயலாமை ஆகிய அனைத்துக்கும் சேர்த்து ஒரே ஒரு விழுக்காடுதான். உரியவர் கிடைக்காமல் அடுத்த ஆண்டுக்கும் நிரப்பப்படாமல் நீளும் இடத்தை, ஒதுக்கீட்டுக்குள் வரும் மற்ற பிரிவினரைக் கொண்டு நிரப்பவும் சட்டம் இடமளிக்கிறது.

இதைவிடப் பெரிய இடைவெளி தனியார் துறையில் உள்ளது. வேலையில் பாகுபாடு காட்டக் கூடாது, நியாயமான பணியிட மாற்றங்களைச் செய்து தர வேண்டும், பணிக்காலத்தில் இயலாமை ஏற்பட்டவரை நீக்கவோ பதவியிறக்கவோ கூடாது என்று கூறும் சட்டத்தின் 20-ஆவது பிரிவு, அரசு நிறுவனங்களையே நேரடியாகக் குறிப்பிடுகிறது. தனியார் நிறுவனங்களைப் பொறுத்தவரை, சமவாய்ப்புக் கொள்கை ஒன்றை வகுத்து ஆணையரிடம் பதிவு செய்ய வேண்டும் என்று 21-ஆவது பிரிவு கோருகிறது. 20 அல்லது அதற்கு மேற்பட்ட பணியாளர்கள் உள்ள நிறுவனங்கள், ஏற்ற பணியிடங்களின் பட்டியலையும், தொடர்பு அலுவலரின் பெயரையும் அக்கொள்கையில் சேர்க்க வேண்டும் என்பது விதி. பணியாளர்களில் குறைந்தது 5 விழுக்காட்டினர் மாற்றுத்திறனாளிகளாக இருக்கும்படி செய்ய, முதலாளிகளுக்கு ஊக்கத்தொகை தருவது பற்றி 35-ஆவது பிரிவு பேசுகிறது. அதுவும் அரசின் பொருளாதார வரம்புக்கு உட்பட்டது. தனியார் வேலைகளே மிகுந்த பெங்களூரு போன்ற நகரத்தில், சட்டத்தின் வலுவான பிரிவுகள் எட்டாத இடத்தில்தான் பெரும்பாலான வேலைகள் உள்ளன.

ஜப்பான் வேறு வழியைத் தேர்ந்தெடுத்தது. அங்கு தனியார் நிறுவனங்களுக்கும் மாற்றுத்திறனாளிகளைப் பணியமர்த்தும் கட்டாய விழுக்காடு உண்டு. 2018 ஏப்ரல் முதல் மனநோய் உடையவர்களும் அக்கணக்கின் அடிப்படையில் சேர்க்கப்பட்டனர். இலக்கை எட்டாத பெரு நிறுவனங்கள் குறையும் இடங்களுக்கேற்பக் கட்டணம் செலுத்துகின்றன. இலக்கைத் தாண்டும் நிறுவனங்களுக்கு அதிலிருந்து உதவி கிடைக்கிறது.

மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 மற்றொரு பக்கத்தைத் தொடுகிறது. மறுவாழ்வு இல்லங்களையும் சமூக அளவிலான மறுவாழ்வுச் சேவைகளையும் பெறுவதை அது உரிமையாக்குகிறது. மனநல நிலையங்களில் எவரையும் கட்டாயப்படுத்தி வேலை வாங்கக் கூடாது என்றும், வேலை செய்தால் உரிய ஊதியம் தர வேண்டும் என்றும் அதன் 20-ஆவது பிரிவு கூறுகிறது. பயிற்சி என்ற பெயரில் பெயரளவுத் தொகை கொடுத்து உழைப்பைப் பெறும் பழக்கத்துக்கு இது தடை போடுகிறது. 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் உட்பட 28 பேர் தீயில் மாண்ட கொடுமையை நினைவில் கொண்டுள்ள தமிழ் வாசகர்களுக்கு, அச்சட்டம் எவ்வளவு தொலைவு வந்திருக்கிறது என்பது விளங்கும்.

நீதிமன்றமும் இத்திசையில் நகர்ந்துள்ளது. எண்ணச் சுழற்சி நோயும் மனச்சோர்வும் கொண்ட மத்திய ரிசர்வ் காவல் படை அதிகாரி ஒருவர் மீது எடுக்கப்பட்ட ஒழுங்கு நடவடிக்கையை, 2021 டிசம்பர் 17 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. நடத்தைக்கு இயலாமையும் ஒரு காரணமாக இருந்தால், நடவடிக்கை பாகுபாடாகிவிடும் என்ற கோட்பாட்டை அத்தீர்ப்பு நிறுவியது. மனநோயால் நேர்ந்த தவறுக்கும் வேண்டுமென்றே செய்த தவறுக்கும் வேறுபாடு காண வேண்டிய பொறுப்பு இதனால் முதலாளியின் மீது விழுகிறது.

40 விழுக்காடு எனும் வாசல்:

இடஒதுக்கீடு உள்ளிட்ட பல சலுகைகளைப் பெற, 40 விழுக்காடு அல்லது அதற்கு மேல் இயலாமை உள்ளதாகச் சான்றிதழ் வேண்டும். மனநோயைப் பொறுத்தவரை அது 'ஐடியாஸ்' என்ற இந்திய அளவுகோலால் கணக்கிடப்படுகிறது. தன்னைப் பேணுதல், பிறருடன் பழகுதல், பேச்சும் புரிதலும், வேலை ஆகிய நான்கு தலைப்புகளில் தலா 4 வரை மதிப்பெண் தரப்படுகிறது. நோய் நீடித்த காலத்துக்கும் மதிப்பெண் உண்டு. மொத்தம் 20; அதில் 7 எட்டினால்தான் 40 விழுக்காடு.

இங்கே ஒரு முரண் ஒளிந்துள்ளது. மருந்தைத் தவறாமல் உட்கொண்டு, வீட்டில் ஒழுங்காக நடந்து, சிறு வேலையும் செய்யத் தொடங்கியவரின் மதிப்பெண் குறையும். 40-க்குக் கீழே இறங்கிவிட்டால், வேலை பெற உதவும் சான்றிதழ் அவருக்குக் கிடைக்காது. மதிப்பெண் மிக அதிகமாக இருப்பவருக்கோ சான்றிதழ் கிடைக்கும். வேலை செய்யும் நிலையில் இருப்பது ஐயம். நடுவில் உள்ள குறுகிய இடத்தில் இருப்பவர்களுக்கே ஒதுக்கீடு பயன்படுகிறது. மனநோய் ஏறி இறங்கும் இயல்புடையது என்பதால் சான்றிதழும் பல நேரங்களில் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு மட்டுமே வழங்கப்பட்டு, மீண்டும் மதிப்பீடு செய்யப்படுகிறது. இந்த அளவுகோல் மருத்துவர்களின் பிழையால் விளைந்ததன்று. இயலாமையை அளக்க உருவானதை வேலைத் தகுதியின் வாசலாக்கியதில்தான் சிக்கல் தோன்றுகிறது.

சொல்வதா, மறைப்பதா?

சான்றிதழ் கிடைத்தாலும் அதைக் காட்டுவதா என்ற தயக்கம் தொடர்கிறது. கண்பார்வைக் குறைபாடோ கை கால் இயலாமையோ வெளியே தெரியும், மனநோய் தெரியாது. சொல்லிவிட்டால் வேலை கிடைக்காமல் போகலாம், கிடைத்தாலும் சிறு பிழைக்கும் நோயே காரணம் என்று கருதப்படலாம். திருமணப் பேச்சு வரை அச்செய்தி பரவும் என்ற அச்சமும் குடும்பங்களுக்கு உண்டு. சொல்லாமல் சேர்ந்தால், மாதந்தோறும் மருத்துவமனைக்குச் செல்ல விடுப்பு கேட்பது எப்படி? காலை வேளையில் மருந்தின் மயக்கம் நீங்கத் தாமதமானால் அதை எப்படி விளக்குவது? லித்தியம் உட்கொள்பவர் அவ்வப்போது இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். அதற்கும் நேரம் வேண்டும்.

விடுப்புக்கு ஒவ்வொரு முறையும் புதுக் காரணம் கற்பிப்பதைவிட மருந்தையோ பரிசோதனையையோ தள்ளிப்போடுவது எளிது என்று சிலர் முடிவு செய்கின்றனர். நோய் மீண்டும் தலைதூக்குகிறது, வேலை போகிறது, வேலை செய்ய முடியாதவர் என்ற முத்திரை உறுதியாகிறது. இந்தச் சுழற்சியை உடைக்க, எதை, எப்போது, யாரிடம், எந்த அளவுக்குச் சொல்வது என்பதை நோயாளியுடன் அமர்ந்து முடிவு செய்ய ஒருவர் தேவை. மேலதிகாரியிடம் நோயின் பெயரைச் சொல்லாமலேயே, காலை 11 மணிக்குப் பணி தொடங்க அனுமதி பெறுவது போன்ற வழிகளை அவரால் பேசித் தீர்க்க முடியும்.

பணியிடத்தில் வேண்டிய மாற்றங்கள் பெரும்பாலும் செலவற்றவை. இரவுப் பணியிலிருந்து விலக்கு, நேரத்தில் சற்று நெகிழ்வு, மருத்துவமனை நாளுக்கு விடுப்பு, இரைச்சல் குறைந்த இருக்கை, வாய்மொழியாக மட்டுமன்றி எழுத்திலும் தரப்படும் அறிவுறுத்தல், நோய் தலைகாட்டும் முன் அறிகுறிகளை அறிந்த ஒரு நம்பிக்கையான சக பணியாளர் ஆகியவையே முக்கியமானவை. சாய்தளமோ மின்தூக்கியோ கட்ட வேண்டியதில்லை. மனச்சோர்வாலும் பதற்றக் கோளாற்றாலும் உலகம் ஆண்டுக்கு 1,200 கோடி வேலை நாள்களை இழப்பதாக உலக சுகாதார அமைப்பு கணக்கிட்டுள்ள நிலையில், இம்மாற்றங்கள் நிறுவனங்களுக்கும் ஆதாயமே.

இல்லாத ஒரு பணியிடம்:

மாவட்ட மனநலத் திட்டத்தின் குழுவில் மனநல மருத்துவர், மருத்துவ உளவியலாளர், மனநலச் சமூகப் பணியாளர், செவிலியர் ஆகியோருக்கு இடம் உண்டு. வேலைவாய்ப்பு வழிகாட்டி என்ற பணியிடம் இல்லை. வேலை தேடித் தரும் பொறுப்பு, ஏற்கனவே பணிச்சுமை மிகுந்த சமூகப் பணியாளரின் நல்லெண்ணத்தைச் சார்ந்து நிற்கிறது. தொண்டு நிறுவனங்கள் அப்பணியைச் செய்யும் இடங்களில், நன்கொடையும் நிறுவனச் சமூகப் பொறுப்பு நிதியும் கிடைக்கும் வரை சேவை நடக்கிறது. திட்டக்காலம் முடிந்ததும் வழிகாட்டியும் போய்விடுகிறார். துணை தொடர வேண்டும் என்பது இச்சேவையின் உயிர்நாடி என்பதால், ஓராண்டு நிதியில் நடக்கும் திட்டம் பாதியில் முறிகிறது.

நிர்வாகப் பிரிவினையும் ஒரு தடை. மருத்துவம் சுகாதாரத் துறையிடமும், சான்றிதழும் உதவிகளும் மாற்றுத்திறனாளிகள் நலத் துறையிடமும், தொழிற்பயிற்சி திறன் மேம்பாட்டுத் துறையிடமும் உள்ளன. ஒருவர் மூன்று வாசல்களிலும் தனித்தனியே நிற்க வேண்டியிருக்கிறது. குணமடைந்தும் மருத்துவமனைகளிலேயே தங்கிவிட்டவர்களின் மறுவாழ்வுக்குக் கொள்கை வகுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் அறிவுறுத்தியபோதும், இத்துறைகளின் ஒருங்கிணைப்பின்மையே முதன்மைச் சிக்கலாகத் தெரிந்தது.

மாவட்டத்துக்கு ஒரு வழிகாட்டி என்று தொடங்கினாலும் பெரும் மாற்றம் நிகழும். ஒருவர் 20 பேரைக் கவனிப்பார் என்றால், அந்த 20 குடும்பங்களில் சிலர் வரி செலுத்துவோராகவும், சிலர் பகுதி நேர ஊதியம் பெறுவோராகவும் மாறுவர். அப்பணியிடத்துக்கு மீண்டவர்களையே தேர்ந்தெடுத்தால், வேலையும் உருவாகும். நோயை அறிந்தவரின் துணையும் கிடைக்கும்.

தமிழகத்துக்கு என்ன பொருள்?

சென்னையில் 1794-இல் தோன்றிய கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்தில் நோயாளிகள் ரொட்டி தயாரிப்பதும், மீண்டவர்கள் சிற்றுண்டியகம் நடத்துவதும் வழக்கத்தில் உள்ளன. ஸ்கார்ஃப், தி பேன்யன் போன்ற அமைப்புகளின் அனுபவமும் தமிழகத்தில் உண்டு. ஆனால் பெங்களூருவில் காணும் அதே இடைவெளி இங்கும் உள்ளது: வளாகத்துக்குள் வேலை இருக்கிறது, வளாகத்துக்கு வெளியே துணை இல்லை.

எல்லையோர மாவட்டங்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. கிருஷ்ணகிரியிலிருந்து நிம்ஹான்ஸ் சென்று மருந்து வாங்கி வரலாம்; வேலைத் துணையை அவ்வளவு தொலைவிலிருந்து பெற இயலாது. முதலாளியை நேரில் சந்திப்பதும், முதல் வாரத்தில் பணியாளருடன் சென்று வருவதும் உள்ளூரில்தான் நடக்க முடியும். ஓசூரின் தொழிற்சாலைகளும் சேலத்தின் சிறு நிறுவனங்களும் அருகிலேயே உள்ள நிலையில், அம்மாவட்டங்களின் மனநலக் குழுக்களில் இப்பணியை இணைப்பது தமிழக அரசு எடுக்கக்கூடிய நடைமுறை முடிவாகும்.

அதுவரை குடும்பங்கள் செய்யக்கூடியவையும் சில உண்டு. வேலை செய்ய விரும்புவதை அடுத்த மருத்துவச் சந்திப்பிலேயே மருத்துவரிடம் சொல்லி, மருந்து உட்கொள்ளும் நேரத்தை அதற்கேற்ப மாற்ற முடியுமா என்று கேட்கலாம். சமூகப் பணியாளரிடம் சான்றிதழ் பற்றியும் உள்ளூர் மறுவாழ்வு அமைப்புகள் பற்றியும் விசாரிக்கலாம். முழுநேர வேலைக்காகக் காத்திராமல், நாளுக்கு மூன்று மணி நேர வேலையில் தொடங்கலாம். வேலை போய்விட்டால் அதைத் தோல்வியாகக் கருதாமல், எந்த நேரம், எந்தச் சூழல் ஒத்துவரவில்லை என்று அறிந்துகொண்ட வாய்ப்பாகக் கொள்ளலாம். மனநலம் தொடர்பான ஆலோசனைக்கு, 2022 அக்டோபர் 10 முதல் இயங்கும் மத்திய அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்ற கட்டணமில்லா எண்ணில் எந்நேரமும் தமிழிலும் தொடர்புகொள்ளலாம்.

மனநோய்க்கு மருந்து இல்லாதிருந்த காலத்திலிருந்து, மருந்து கிடைக்கும் காலத்துக்கு நாடு வந்துவிட்டது. ஒதுக்கீடு இல்லாதிருந்த சட்டத்திலிருந்து, ஒதுக்கீடு தரும் சட்டத்துக்கும் வந்துவிட்டது. இனி வேண்டியது, மருத்துவமனை வாசலிலிருந்து அலுவலக வாசல் வரை உடன் நடக்கும் ஒரு பணியாளரும், அவருக்கு ஆண்டுதோறும் தடையின்றிச் சம்பளம் தரும் ஓர் அரசாணையும்தான். அறிவும் அனுபவமும் நிறைந்த பெங்களூருவில் அது முதலில் நிகழுமானால், பிற நகரங்கள் பின்பற்ற ஒரு முன்மாதிரி கிடைக்கும்.